ஓலை தாட்ட ஆறு வரிசை

பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலை. கத்தரித் தோட்டத்தில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் நின்றேன், மண்வெட்டியோடு. என் மனுசி நின்றாள், தேத்தண்ணீர்ச் செம்போடு. மனுசியின் தமையன் நின்றார். எனக்கு மச்சான் முறை. பிரான்சில் முப்பது வருடம் வேலை செய்து பென்சன் எடுத்தவர். அங்கே குளிர் தொடங்கினால் இங்கே வந்துவிடுவார், சித்திரை வெயில் ஏறினால் திரும்பிப் போய்விடுவார். விவசாயக் கந்தோரில் வேலை செய்கிற மிஸ் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து பாலம் கடந்து ஸ்கூட்டியில் வருபவர். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து நின்றார். பக்கத்து வளவு மாஸ்ரர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். தலை மட்டும் தெரிந்தது. அவர் படிப்பித்தவர் இல்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவி ஓய்வு பெற்றவர். ஊர் அவரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அது பிடிக்கும்.

மாஸ்ரரின் பசுவும் நின்றது. அன்றைக்கு ஆலோசனை சொல்லாமல் நின்றது அது மட்டும்தான்.

எங்கள் ஊர் புளியங்கூடல். தோட்டம் எட்டுப் பரப்பு, பதினாலு வரிசை. காணி மச்சானுடையது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த நாளிலிருந்து நாங்கள் செய்கிறோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டம் தவிர வேறு தொழில் தெரியாது.

ஐப்பசியில் நட்ட கத்தரி அது. மழை நல்ல மழை. மண்ணில் ஈரம் இருந்தது. ஆனாலும் பத்து மணி வெயிலுக்கே இலை தொங்கியது. பசளை போட்டேன். அப்போதும் தொங்கியது. அதுதான் மிஸ்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மிஸ் ஒரு செடியை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். வேர் முழுவதும் முடிச்சு. கடலை கோத்த மாதிரி, சிறிதும் பெரிதுமாக.

மச்சான் குனிந்து பார்த்தார்.

“இதென்ன, கத்தரி கிழங்கு போடத் தொடங்கீட்டுதோ?”

“கிழங்கில்லை, புழு,” என்றது மதிலுக்கு மேல் தலை.

“எங்கை புழு? நான் காணேல்லை.”

“கண்ணுக்குத் தெரியாது அண்ணை,” என்றார் மிஸ். “மயிரை விட மெல்லிசு. மண்ணுக்குள்ள நீந்தித் திரியும். வேருக்குள்ள பூந்து இருந்து சாப்பிடும். அது இருக்கிற இடத்திலை வேர் வீங்கும். பேந்து முட்டை போட்டுப் பெருகும்.”

மனுசி வரம்பில் குந்தி முடிச்சுகளை எண்ணத் தொடங்கினாள். அவளுக்கு எதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு வந்ததும் வேரைக் கீழே வைத்தாள்.

“எனக்கு இனி ஏலாது.”

“மருந்து இருக்கு,” என்றார் மிஸ். “ஆனால் இந்த மண்ணிலை ஊத்தினால் நேரே கிணத்துக்குத்தான் போகும். உங்களுக்கு இருக்கிற நல்ல தண்ணி அது ஒண்டுதான்.”

மச்சான் இதற்குத்தான் காத்துக்கொண்டு நின்றார். கிணற்றடியைக் காட்டினார். அங்கே தென்னம்பிள்ளைகள் பையில் வரிசையாக இருந்தன. இரண்டு நாளைக்கு முன்னர் லாண்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியவை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“தென்னை வைச்சால் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நீரும் ஆறுதலா இருக்கலாம் மச்சான். வயசும் போகுது.”

“ஆறுதலா இருந்து என்ன செய்யிறது?” என்றேன்.

“இருக்கிறதுதான்.”

மண்வெட்டியை மண்ணில் ஊன்றினேன். காணி அவருடையது.

மனுசி தேத்தண்ணீரைச் சூடாக்கக் குசினிக்குப் போனாள். மிஸ் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

“அண்ணை, இன்னொண்டு செய்து பாக்கலாம். புழுவைப் பிடிச்சுத் தின்னிற பூஞ்சணம் ஒண்டு இருக்கு. குறுணல் அரிசி அவிச்சு அதிலை வளத்துத் தருவினம். மண்ணிலை கலந்து விட்டால் அது தன்ரை வேலையைப் பாக்கும்.”

மச்சான் சிரித்தார். “பூஞ்சணம் பாண் துண்டைத் தின்னும். ஊறுகாயைத் தின்னும். ஓடித் திரியிற புழுவையுமோ?”

“சுருக்கு வைச்சுப் பிடிக்கும்.”

“முயலுக்கு வைக்கிற மாதிரியோ?”

“ஓம். அதே மாதிரித்தான்.”

“மிஸ், நீங்கள் நல்லாப் பகிடி விடுறியள்.”

“மெய்தான் மெய்தான்,” என்றது மதில் தலை. “நான் படத்திலை பாத்தனான்.”

மச்சானுக்குப் பந்தயம் என்றால் விருப்பம். கொஞ்சம் யோசித்தார்.

“சரி. கத்தரி திருப்பி வையும். வருசப்பிறப்பு முடியத்தான் நான் பிளேன் ஏறுவன். அதுக்கு முதல் ஒரு செடி இழுப்பம். நான்தான் எண்ணுவன். முடிச்சு இருபதுக்குள்ளை நிண்டால் தோட்டம் உம்மடை, நான் வாய் திறக்கமாட்டன். இருபதைத் தாண்டினால் தென்னைக்குக் கிடங்கு வெட்டுவம். சரியோ?”

நூறு எண்ணிக் களைத்தவள் செம்போடு திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். இருபது எனக்கு மிகச் சிறிய எண்ணாகத் தெரிந்தது.

“ஓம்,” என்றேன்.

பசு மதிலுக்கு அந்தப் பக்கம் எதையோ மென்றது.

*

மதில் புதியது. அந்த மார்கழியில்தான் மச்சான் கட்டுவித்தார். முன்பு அந்த இடத்தில் பனையோலை வேலி.

எங்கள் பக்கத்தில் வேலி ஓலையைச் சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் புது ஓலை அடைப்போம். பழைய ஓலை வீணாகாது. தோட்டத்தில் தாட்போம். அதாவது நீளப் பள்ளமாகக் கான் வெட்டி, ஓலையை அடுக்கி, மண் போட்டு மூடி, அதற்கு மேல் நடுவது. வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கியதும் வளவுக்கு வளவு மதில் எழும்பியது. திரும்பத் திரும்ப அடைக்கத் தேவையில்லை, அழகாகவும் இருக்கிறது. ஆனால் மதிலைப் பிரித்துத் தாட்க ஏலாது. எங்கள் வேலியும் கன வருடமாகப் பிரிக்காமலே நின்றதால், தோட்டத்துக்கு ஓலை போட்டு எத்தனையோ வருடம்.

மதில் கட்டப் பிரித்த ஓலை மூலையில் குவிந்து கிடந்தது. மழையில் நனைந்து கறுத்துப் போயிற்று. பந்தயம் வைத்த கிழமை மச்சான் அதற்குள் ஒரு சாரைப்பாம்பைக் கண்டார். பாரிசில் பாம்பு இல்லை. கதிரைக்கு மேல் ஏறி நின்று கூப்பிட்டார்.

“உதைக் கொளுத்தும் மச்சான்! இண்டைக்கே கொளுத்தும்!”

கொளுத்தினேன். எரியவில்லை, புகைத்தது. மாஸ்ரர் வீட்டுக் கொடியில் காய்ந்த சேலையெல்லாம் புகை மணம். மாஸ்ரரின் மனுசி மதிலுக்கு மேலால் சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை. தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

அதன் பிறகுதான் தாட்டேன். பழைய செடிகளை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, மதில் பக்கமிருந்து வரிசை வரிசையாகக் கான் வெட்டினேன். ஆறு வரிசைக்கு ஓலை வந்தது. ஏழாவதுக்கு இல்லை. மற்ற எட்டையும் சும்மா கொத்தி விட்டேன். இதில் ஒரு யோசனையும் இருக்கவில்லை. குப்பை போக வேண்டும், பாம்பு போக வேண்டும். அவ்வளவுதான்.

*

அது பனங்கிழங்குக் காலம். கிழங்கைக் கிண்டி, அவித்து, தோல் உரித்து, கிழித்து, வெயிலில் போட்டால் புழுக்கொடியல். அவிக்காமல் காய்ந்தால் ஒடியல். வருடம் முழுவதும் வைத்துச் சாப்பிடுகிற சாமான் அது. அதற்கு ஒரே எதிரி பூஞ்சணம். சரியாகக் காயாவிட்டால் பிடித்துவிடும். பிடித்தால் உடனே எடுத்து வெயிலில் போட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு இரண்டாம் பேச்சு இல்லை. மனுசியின் மூக்கு அலுமாரிக்குள் இருக்கிற பூஞ்சணத்தையும் வாசலில் நின்று பிடிக்கும்.

தை மாதக் கடைசியில் தண்ணீர்ப் பம்புக்குச் சாமான் வாங்க நான் ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தேன். மனுசி கிணற்றடியில். மிஸ் அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார். ஐந்து பொலித்தீன் பையை மச்சானிடம் கொடுத்து, நிழலில் வைக்க வேண்டும், மாட்டெருவோடு கலந்து நடுகிற குழியில் போட வேண்டும், ஒரு கிழமைக்குள் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மச்சான் அப்போது வீடியோவில் பேரப்பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸுக்கும் ஓம் ஓம் என்றார், பேரப்பிள்ளைக்கும் ஓம் ஓம் என்றார். பைகளைக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மனுசி வந்து பார்த்தாள். கந்தோர் முத்திரை குத்திய ஐந்து பை குறுணல். ஐந்திலும் வெள்ளைப் பூஞ்சணம்.

பாவம், கந்தோரால் ஏதோ நிவாரணம் தந்திருக்கிறார்கள், பைக்குள் வியர்த்துப் பழுதாகிப் போயிற்று என்று நினைத்தாளாம். அவிழ்த்தாள். ஒடியல் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தாள். கொட்டிப் பரவினாள். நல்ல வெயில். மூன்று நாள். இடையிடையே கிளறியும் விட்டாள். வேலையில் அவள் குறை வைப்பதில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் கத்தரிக் கன்று நடுவதற்குக் கான் பார்த்துவிட்டு வந்து கால் கழுவினேன். மச்சான் கதிரையில் இருந்து கேட்டார்.

“மச்சான், மிஸ் தந்த பையெல்லாம் போட்டாச்சோ?”

“எந்தப் பை?”

“மேசையிலை வைச்சனானே. அந்தப் புழுப் பிடிக்கிற சாமான்.”

நான் மனுசியைப் பார்த்தேன். மனுசி முற்றத்தைப் பார்த்தாள். முற்றத்தில் கோழிகள் நின்றன. நல்ல வயிற்றோடு நின்றன.

“அது பூஞ்சணம் பிடிச்ச குறுணல் எல்லோ?” என்றாள்.

“அதுதான் மருந்து.”

“குறுணலோ?”

“பூஞ்சணம்.”

அவள் கோழிகளை ஒருமுறை எண்ணினாள். பிறகு கோபம் வந்தது.

“பூஞ்சணத்தை ஆராவது காசு செலவழிச்சு வளப்பினமோ? அண்ணை, நீங்கள் வாங்கினனீங்கள் எல்லோ, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“அவ எனக்குச் சரியா விளங்கப்படுத்தேல்லை.”

“உங்களுக்குப் போனை வைச்சால்தானே விளங்கும்.”

“காய்ஞ்சது ஏதும் மிச்சம் கிடக்கோ?” என்று கேட்டேன்.

“மணம் போகேல்லை எண்டு எல்லாத்தையும் கோழிக்குப் போட்டிட்டன்.” பாயைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள். “இஞ்சாருங்கோ, மிஸ்ஸுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

நான் சொல்லவில்லை. போய்ச் சொன்னால் இன்னும் ஐந்து பை கேட்கிற மாதிரி இருக்கும். கன்று முற்றிப் போனது. அடுத்த நாளே நட்டேன். மாட்டெரு போட்டேன். பூஞ்சணம் போடவில்லை. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டை வழமை போல.

தென்னம்பிள்ளைகளுக்கும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். பிள்ளை என்ன செய்யும், பாவம்.

*

மாசி முழுக்கப் பதினாலு வரிசையும் ஒரே மாதிரித்தான் நின்றன. பங்குனி தொடங்கத்தான் வித்தியாசம் தெரிந்தது.

கத்தரிக்கு நடுப்பகல்தான் சோதனை. காலையில் எல்லாச் செடியும் நன்றாக நிற்கும். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தேன். ஏழாம் வரிசையிலிருந்து அந்தப் பக்கம் தொங்கின. இந்தப் பக்கம் ஆறும் நின்றன. நான் நம்பவில்லை. அடுத்த நாளும் பார்த்தேன். அதன் அடுத்த நாளும் பார்த்தேன். மனுசியிடம் சொல்லவில்லை. அவளும் ஒளித்துப் போய்ப் பார்த்திருக்கிறாள். அவளும் என்னிடம் சொல்லவில்லை.

பங்குனி நடுவில் மிஸ் வந்தார். ஒரு கொப்பியோடு வந்தார். தோட்டத்துக்குள் இறங்கியதுமே முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியளே அண்ணை! நான் சொன்னனான் எல்லோ! இந்த ஆறுக்கும் போட்டனீங்கள், அந்தப் பக்கத்துக்குப் போதாமல் போட்டுது, என்ன?”

பின்னால் நின்ற மச்சான் முந்திக்கொண்டார்.

“ஓம் மிஸ். ஆறுக்குத்தான் காணும்.”

மிஸ் கொப்பியை விரித்துப் பேனையைத் திறந்தார். மச்சான் எனக்குக் கண்ணைக் காட்டினார். சும்மா இரும் என்ற கண். மனுசி குசினி யன்னலுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா இருந்திருக்கலாம். எல்லோருக்கும் சுகம். ஆனால் மிஸ் இதை எழுதிக்கொண்டு போவார். வேலணையிலும் புங்குடுதீவிலும் தோட்டக்காரருக்குச் சொல்வார். அவர்கள் நம்பிச் செய்வார்கள். நானும் தோட்டக்காரன்.

“மிஸ், எழுதாதேங்கோ.”

“ஏன்?”

“கோழி திண்டிட்டுது.”

“எதை?”

“உங்கட பூஞ்சணத்தை.”

பேனை அப்படியே நின்றது. நான் சொன்னேன். ஒடியல் பாய், மூன்று நாள் வெயில், கோழி, எல்லாம். நாலு வசனத்தில் முடிந்தது. யன்னலில் மனுசியைக் காணவில்லை. மச்சான் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதில் நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

மிஸ் வாய்க்கால் கட்டின் மேல் குந்திவிட்டார். கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அக்கா!” என்று குசினிப் பக்கம் கூப்பிட்டார். “வெளியிலை வாங்கோ அக்கா! கோழிக்கு இப்ப வயித்திலை பூச்சியே இராது!”

மனுசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு முடிந்ததும் மிஸ்ஸின் முகம் மாறியது. ஆறு வரிசையைப் பார்த்தார். எட்டு வரிசையைப் பார்த்தார்.

“அப்ப இந்த ஆறுக்கும் என்ன போட்டனீங்கள்?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாமல் இப்பிடி நிக்காது அண்ணை.”

“பழைய வேலி ஓலை தாட்டனான்.”

“எவ்வளவு பழசு?”

“கன வருசம். மழையிலை கிடந்து உக்கினது.”

மிஸ் எழும்பினார். இரண்டு பை எடுத்தார். ஓலைப் பக்கத்தில் ஒரு பை மண், மற்றப் பக்கத்தில் ஒரு பை மண். ஒவ்வொன்றிலும் அடையாளம் எழுதினார். பைகளை ஸ்கூட்டியில் வைத்துத் தலைக்கவசத்தைப் போட்டார்.

*

இரண்டு கிழமை கழித்து மறுபடி வந்தார். கையில் தட்டையான இரண்டு கண்ணாடிக் கிண்ணம், மூடியோடு. உள்ளே ஜெலி மாதிரி மெல்லிய படை. கந்தோரில் அதற்குள் எங்கள் மண்ணை இரண்டு சிட்டிகை தூவி, புழுவும் விட்டு, மூடி வைத்தார்களாம்.

மாஸ்ரருக்கு அன்றைக்குத்தான் மரியாதை. அவரிடம் கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. பள்ளிக்கூடம் பழுது என்று கழித்து விட்டதை வாங்கித் திருத்தி வைத்திருந்தார். துணியில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரிக் கொண்டு வந்தார். முதல் தடவையாக மதிலுக்கு இந்தப் பக்கம் முழு ஆளாக வந்தார். முற்றத்தில் மேசை போட்டோம். நுணுக்குக்காட்டியின் அடியில் சின்னக் கண்ணாடி. அதைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடித்தார்.

“ஒராளும் மேசையிலை முட்டக்கூடாது,” என்றார். ஒருவரும் முட்டவில்லை. அவர்தான் முட்டினார்.

முதலில் ஓலை இல்லாத மண். நான் பார்த்தேன். வெள்ளை வெளிச்சம். அதற்குள் புழுக்கள். விலாங்கு மாதிரி வளைந்து நெளிந்து போய் வந்துகொண்டிருந்தன. கூட்டமாக, ஒரு கவலையும் இல்லாமல். இருபது வருடமாக இவற்றுக்குமேல் நடந்து திரிந்திருக்கிறேன்.

“இதிலை கனக்க நல்ல புழுவும் இருக்கு,” என்றார் மிஸ். “எல்லாம் கத்தரியைத் தொடாது.”

பிறகு ஓலைப் பக்கத்து மண். கிண்ணம் முழுக்க நூல். மெல்லிய, கண்ணாடி மாதிரி நூல். குறுக்கும் நெடுக்கும். நூலில் அங்கங்கே வளையம். ஒவ்வொரு வளையமும் மூன்று துண்டு சேர்ந்தது. பனை ஏறுகிறவர் காலில் போடுகிற தளைநார் மாதிரி இருந்தது, ஆனால் காலை விட்டு வேறு எதற்கோ காத்திருந்தது.

புழு குறைவு. இரண்டு அசையாமல் கிடந்தன. அவற்றின் கழுத்தில் வளையம் இறுகி இருந்தது. உடம்புக்குள்ளும் நூல் ஓடியிருந்தது. ஒன்றில் தோல் மட்டும்தான் மிச்சம்.

“உதுதான் சுருக்கு,” என்றார் மிஸ். “புழு தலையை நுழைச்சால் மூண்டு துண்டும் ஒரேயடியா ஊதும். கண் வெட்டிற நேரமும் இல்லை. பேந்து நூல் உள்ளுக்கை போய்ச் சாப்பிடும்.”

“விடும், நான் பாக்கிறன்,” என்று மச்சான் என்னைத் தள்ளினார்.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரு கண்ணை மூடினார். கிண்ணத்தை மெல்ல நகர்த்தினார். திடீரென்று துள்ளினார்.

“பிடிச்சிட்டுது! பிடிச்சிட்டுது! கழுத்திலை! எடி தங்கச்சி, அடிக்குது பார், வாலை அடிக்குது!”

ஒருவரையும் பார்க்க விடவில்லை. கயிறிழுப்புப் பார்க்கிற மாதிரி இருந்தார். முதலில் புழுவின் பக்கம் நின்றார். இழு, இழு, விடாதை என்றார். பிறகு எப்போது கட்சி மாறினாரோ தெரியாது, அமுக்கு, அமுக்கு என்றார். மனுசி வைத்த தேத்தண்ணீர் ஆறிப் போயிற்று. அவர் எடுக்கவில்லை.

“முடிஞ்சுது,” என்றார் கடைசியில். மெதுவாகச் சொன்னார்.

“இது எப்பவும் இப்பிடிப் புழுத் தின்னுமோ?” என்று மனுசி கேட்டாள்.

“இல்லை அக்கா. உக்கின ஓலை, இலை, அதுதான் அதின்ரை சாப்பாடு. ஓலையிலை இல்லாத சத்தொண்டு புழுவிலை இருக்கு. பக்கத்திலை புழு நடமாடினால்தான் உந்த வளையத்தைக் கட்டும். சும்மா கட்டாது.”

மச்சான் நிமிர்ந்தார். “ஓலை சோறு. புழு மீன்.”

“ஓம் அண்ணை, அப்பிடித்தான்.”

“சோறு கிடந்தால்தான் ஆள் இருந்து மீன் பிடிப்பான்.”

மிஸ் கொப்பியை எடுத்து எதையோ எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் சொன்னார்.

“ஓலைதான் செய்தது எண்டு நான் இப்ப எழுத ஏலாது அண்ணை. ஒரு தோட்டம், ஒரு போகம். வேறை காரணமும் இருக்கலாம். வேரைப் பாத்தால்தான் கொஞ்சமாவது சொல்லலாம்.”

“பாப்பம்,” என்றேன்.

“இது என்ரை நுணுக்குக்காட்டி,” என்றார் மாஸ்ரர். அதை ஒருவரும் மறுக்கவில்லை.

*

வருசப்பிறப்பு முடிந்து மூன்றாம் நாள் காலை. நான், மனுசி, மச்சான், மிஸ், மாஸ்ரர். பசுவும் வந்தது. மாஸ்ரர் மறுபடி மதிலுக்கு அந்தப் பக்கம். மச்சானின் பெட்டி கட்டி முன் விறாந்தையில் இருந்தது. தென்னம்பிள்ளைகள் கிணற்றடியில் இன்னும் ஒரு ஓலை விட்டிருந்தன.

செடியைத் தெரிவு செய்கிறவர் மச்சான். தோட்டத்துக்குள் இறங்கினார். ஆறாம் வரிசைக்கும் ஏழாம் வரிசைக்கும் நடுவில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மச்சான், அந்த எட்டிலை ஒண்டை இழுத்தால் நான் வெண்டிடுவன்.”

“ஓம்.”

“எந்தச் செடி எண்டு நாங்கள் கதைக்கேல்லை.”

“கதைக்கேல்லை.”

“ஓலை தாட்டால் மிச்சமும் இப்பிடி வருமோ?”

“தெரியாது. தாட்டுத்தான் பாக்கவேணும்.”

“ஓலைக்கு எங்கை போவீர்? வேலியுமில்லை.”

“காவோலை விழுந்து கிடக்கு. ஆள் இல்லாத வளவெல்லாம் கிடக்கு. பொறுக்கிறதுதான் வேலை.”

“காணாட்டில் உங்கட மதிலைப் பிரிச்சுத் தாட்பம் அண்ணை,” என்றாள் மனுசி.

“வாயைப் பார் இவளுக்கு.” ஆனால் சிரித்தார்.

மூன்றாம் வரிசைக்குப் போனார். நடுவில் நின்ற செடியைத் தொட்டார். அதில் நாலு காய் தொங்கியது. காயைப் பறித்து மனுசியிடம் கொடுத்தார். எனக்குத் தலையை ஆட்டினார்.

சுற்றிவரக் கொத்தி, வேர் அறாமல் மெதுவாகத் தூக்கினேன். வேரோடு கறுத்த ஓலைத் துண்டும் வந்தது. மிஸ் வாளித் தண்ணீரில் அலசினார். மண் போயிற்று. வேர் வெள்ளையாக வந்தது. மச்சானின் கையில் கொடுத்தேன்.

அவர் வாய்க்கால் கட்டின் மேல் குந்திக் கண்ணாடியைப் போட்டார். ஒவ்வொரு வேராகப் பிரித்து விரலால் தடவிக்கொண்டு போனார். முடிச்சு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நானும் கண்டேன். இரண்டு, மூன்று, பிறகு ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் சில. இருபதைத் தாண்டிவிடுமோ என்று அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பசுவைப் பார்த்தேன்.

மச்சான் எண்ணுவது பிரெஞ்சில். முப்பது வருடப் பழக்கம். காசு எண்ணினாலும் அப்படித்தான், படி ஏறினாலும் அப்படித்தான். உதடு அசைந்தது. ஒன்றும் விளங்கவில்லை. மனுசிக்கும் விளங்கவில்லை. மிஸ்ஸுக்கும் விளங்கவில்லை. மாஸ்ரர் தனக்கு விளங்குகிறது என்று தலையை ஆட்டினார். அவருக்கும் விளங்கவில்லை.

ஓரிடத்தில் நின்றார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.

“என்னண்ணை, எத்தினை?” என்றாள் மனுசி.

“பொறடி. இடையிலை விட்டிட்டன்.”

இந்த முறை இன்னும் மெதுவாகப் போனார். கடைசி வேரின் நுனி வரை போனார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். செடியை என் கையில் தந்தார். தமிழில் சொன்னார்.

“பதினேழு.”